நேயர் யார் பக்கம்? ராக் எஃப்எம்மில் ஹாவர்ட் ஸ்டெர்னின் 20 ஆண்டுக் காலைகள்

2006 ஜனவரி 3, செவ்வாய்க்கிழமை. நியூயார்க்கில் காலையில் 92.3 எஃப்எம்மைத் திருப்பியவர்களுக்கு டேவிட் லீ ராத்தின் குரல் கேட்டது. வான் ஹேலன் குழுவின் பாடகராக 1980-களில் பெரிய பெரிய அரங்குகளை நிறைத்தவர். ராக் கேட்கிறவர்களில் அவரைத் தெரியாதவர் கிடையாது. பேச்சிலும் குறைச்சல் இல்லை. ஒரு ராக் நிலையத்தின் காலை நாற்காலிக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பார் என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். ஏப்ரல் முடிவதற்குள் அவரை எடுத்துவிட்டார்கள்.

அவருக்கு முன்னால் அதே நாற்காலியில் 20 ஆண்டு உட்கார்ந்திருந்தவர் ஹாவர்ட் ஸ்டெர்ன். 2005 டிசம்பர் 16 வெள்ளிக்கிழமை கடைசி நிகழ்ச்சியை முடித்துவிட்டு, ரசிகர்கள் திரண்டிருந்த தெருவில் நின்று பேசி விடைபெற்றார். 2006 ஜனவரி 9 அன்று சிரியஸ் என்ற செயற்கைக்கோள் வானொலியில் தொடங்கினார். அதைக் கேட்க அப்போது மாதம் 12.95 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அதற்கென்று தனிப் பெட்டியும் வாங்க வேண்டியிருந்தது. அதுவரை யார் வேண்டுமானாலும் காரில் உட்கார்ந்து இலவசமாகக் கேட்டுக்கொண்டிருந்த நிகழ்ச்சி அது.

இந்த ஆய்வுக்கு அவரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அவருடைய புகழோ, அவரைச் சுற்றி நடந்த சண்டைகளோ இல்லை. காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் பல ஆண்டு உழைத்து ஒரு கூட்டத்தைச் சேர்க்கிறார். அந்தக் கூட்டம் யாருடையது? அலைவரிசை உரிமம் வைத்திருக்கும் நிலையத்துடையதா, அதில் பேசுகிறவருடையதா? வானொலித் தொழிலில் தினமும் எழும் கேள்வி இது. பெரும்பாலும் பதில் தெரிவதில்லை. ஆளை மாற்றும்போது பாட்டு வகையையும், நேரத்தையும், விளம்பரத்தையும் சேர்த்து மாற்றிவிடுவதால் எது எதனால் நடந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது. ஸ்டெர்னின் வாழ்க்கையில் மட்டும் இந்தக் கேள்வி பலமுறை, ஒவ்வொரு முறையும் வேறு சூழலில், கிட்டத்தட்ட சோதனைக்கூடத்தில் வைத்ததுபோலக் கேட்கப்பட்டிருக்கிறது.

தொடக்கம்: நிலையம் மாறினால் ஆளும் மாறவேண்டும்

1954-ல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் பிறந்தவர். தந்தை ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் பங்குதாரர். ஒலிவாங்கியும் கண்ணாடி அறையும் சிறுவயதிலேயே பழக்கம். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது மாணவர் வானொலி, 1976-ல் பட்டம், அப்புறம் நியூயார்க்குக்கு வடக்கே ஒரு சிற்றூரில் ராக் நிலைய வேலை. தொடக்கத்தில் அவர் மற்ற எவரையும்போலப் பாட்டுப் பெயர் சொல்கிறவர்தான்.

1979-ல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டுக்குக் காலை நிகழ்ச்சிக்காரராகப் போனார். அமெரிக்காவில் பெட்ரோல் தட்டுப்பாட்டு நேரம். பங்க்குகளில் நீண்ட வரிசை. ஒரு எண்ணெய் நிறுவனத்தை இரண்டு நாள் புறக்கணிக்கச் சொல்லி நேயர்களை அழைத்தார். காலையில் காரில் உட்கார்ந்திருப்பவனின் எரிச்சல் என்ன என்று தேடிப் பிடித்து அதைப் பேசுவது அங்கேயே தொடங்கிவிட்டது. வாரம் 25 டாலர் சம்பள உயர்வு கேட்டார், கிடைக்கவில்லை, கிளம்பினார். அங்கே அவருக்குக் கிடைத்த பெரிய சொத்து ஃப்ரெட் நாரிஸ். பின்னாளில் ஸ்டெர்ன் பேசப்பேச இடையில் சரியான ஒலித்துணுக்கைச் சரியான நொடியில் போடுகிறவர்.

1980-ல் டெட்ராய்ட். அந்த ஊரில் ஏற்கெனவே ராக் நிலையங்கள் நெருக்கியடித்தன. எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே இசைத்தட்டுகள். ஸ்டெர்னின் நிலையம் சரிந்தது. 1981 ஜனவரியில் நிர்வாகம் ராக்கை விட்டுவிட்டு கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புற பாணி இசைக்கு மாறியது. அலைவரிசை அதேதான், கட்டடமும் அதேதான், ஆனால் பாட்டு வேறு. தொகுப்பாளரும் கௌபாய் தொப்பி மாட்டிக்கொண்டு மாறிவிட வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அன்றைய வழக்கத்தில் இதில் வியக்க ஒன்றும் இல்லை. நிலையம்தான் முதலாளி, பாட்டுதான் சரக்கு, பேசுகிறவர் இரண்டு பாட்டுக்கு நடுவில் வைக்கிற பசை. ஸ்டெர்ன் மாறவில்லை, வெளியேறினார்.

அவருடைய பிற்காலத்தை விளக்க இந்த டெட்ராய்ட் அனுபவம் ஒன்று போதும் என்பது என் கணிப்பு. அங்கே அவர் பேசியது மோசமாக இருந்ததால் நிலையம் மாறவில்லை. அவருடைய பிழைப்பு பாட்டுப் பட்டியலைப் பொறுத்து இருந்தது, அந்தப் பட்டியல் இன்னொருவர் கையில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவுகளை வரிசையாகப் பார்த்தால், பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிட்டுக்கொண்டே போனது தெரிகிறது.

வாஷிங்டனும் நியூயார்க்கும்

1981 மார்ச்சில் வாஷிங்டனில் டிசி 101 என்ற ராக் நிலையத்தின் காலை நேரம் கிடைத்தது. செய்தி வாசிக்க ராபின் குவிவர்ஸ் வந்தார். விமானப்படையில் செவிலியர் அதிகாரியாக இருந்துவிட்டு வானொலிக்கு வந்தவர், பால்டிமோரில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். காலைச் செய்தி வாசிப்பவர் என்றால் நேரத்துக்கு வந்து மூன்று நிமிடம் வாசித்துவிட்டுப் போகவேண்டும் என்பதுதான் முறை. இவர்கள் இருவரும் செய்தியையே உரையாடலாக்கினார்கள். அவர் ஒரு செய்தியைப் படிப்பார், இவர் குறுக்கே கேட்பார், அவர் மறுப்பார், செய்தி அங்கேயே நின்று பேச்சு வேறெங்கோ போகும். நிலையத்தின் கேட்பு அளவு வேகமாக ஏறியது.

கசப்பும் அங்கேயே தொடங்கியது. 1982 ஜனவரி 13 அன்று ஏர் ஃப்ளோரிடா விமானம் ஒன்று பனியில் கிளம்பி, பாலத்தில் மோதி, பொடோமாக் ஆற்றில் விழுந்தது. 78 பேர் இறந்தார்கள். ஊரே துக்கத்தில் இருந்தபோது அதை வைத்து ஸ்டெர்ன் நிகழ்ச்சியில் பகடி செய்தார். நேயர்கள் கொதித்தார்கள். கேட்பு அளவு ஏறுகிற கோடும், காயப்படுத்துகிற கோடும் இணையாகவே போயின. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. காரணம் பின்னால் வரும்.

அதே ஆண்டு நியூயார்க்கின் டபிள்யூஎன்பிசி அவரை மாலை நேரத்துக்கு எடுத்தது. பெரிய நிறுவனத்தின் பெரிய நிலையம். நிலையத்தின் பெயரை எப்படி இழுத்து உச்சரிக்க வேண்டும் என்று அங்கே தனக்குப் பாடம் நடத்தியதை ஸ்டெர்ன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த மேலாளர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள அமெரிக்க வானொலி அப்போது எப்படி அளக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

கால் மணிக் கணக்கு

ஆர்பிட்ரான் என்ற நிறுவனம் தேர்ந்தெடுத்த வீடுகளுக்குச் சின்ன நாட்குறிப்பு அனுப்பும். ஒரு வாரம் முழுக்க, எந்த நேரத்தில் எந்த நிலையம் கேட்டோம் என்று அதில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். கணக்கின் அலகு கால் மணி நேரம். ஒரு கால் மணிக்குள் ஐந்து நிமிடமாவது கேட்டிருந்தால் அந்தக் கால் மணி நிலையத்தின் கணக்கில் சேரும். இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் விளம்பர விலை. நேயர் மறந்துபோய் எழுதாமல் விட்டால், கேட்டது கேட்காததற்குச் சமம். ஆகவே நிலையத்தின் பெயர் நேயரின் தலையில் உட்கார வேண்டும். பாட்டுக்குப் பாட்டு பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்ததன் காரணம் இதுதான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாட்குறிப்பில் எழுத, நேயருக்கு ஏதாவது ஒன்று நினைவுக்கு வரவேண்டும். அது நிலையத்தின் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மனிதரின் பெயராகவும் இருக்கலாம். நிலையம் தன் பெயரை ஏற்ற முயன்றுகொண்டிருந்தபோது, ஸ்டெர்ன் தன் பெயரை ஏற்றிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, பாட்டு என்பது மூன்று நான்கு நிமிடத்தில் முடிகிற பொருள். பிடிக்காத பாட்டு வந்தால் கை தானாகக் குமிழுக்குப் போகும். ராக் நிலையங்கள் நெருங்கிய ஊரில் அடுத்த குமிழ்த் திருப்பில் அதே மாதிரி இன்னொரு பாட்டு கிடைக்கும். ஆனால் பாதியில் நிற்கிற பேச்சு அப்படி விடாது. கணவன் மனைவி சண்டையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டு நடுவில் விளம்பரத்துக்குப் போனால், முடிவு தெரியாமல் காரைவிட்டு எப்படி இறங்குவது? ஸ்டெர்ன் நிகழ்ச்சியில் விளம்பரங்கள் துண்டு துண்டாக வராமல் நீளமான கொத்தாக வரும். அதற்கு முன்னும் பின்னும் பேச்சு மிக நீளமாக ஓடும். பத்து மணிக்கு முடிய வேண்டிய நிகழ்ச்சி பத்தைத் தாண்டியும் போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று பொட்டலம் கட்டி விற்ற காலத்தில், அவர் நேரத்தைத் தாராளமாகச் செலவழித்தார். கால் மணிக் கணக்கில் அது அப்படியே வரவாக விழுந்தது.

அந்தக் காலத்தில் காலை நேரத்துக்கு இன்னொரு வடிவமும் எழுந்தது. 1981-ல் டாம்பாவில் ஸ்காட் ஷேனனும் கிளீவ்லாந்து வீலரும் தொடங்கிய, "மார்னிங் ஸூ" என்று பெயர் பெற்ற கலகலப்புக் கூட்டம். பல குரல், பகடி விளம்பரம், தொலைபேசிக் குறும்பு, நடுநடுவே பாட்டு. ஷேனன் 1983-ல் அதை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். நாடெங்கும் நிலையங்கள் அதை நகலெடுத்தன, எடுக்கவும் முடிந்தது. அது ஒரு வடிவம், ஆட்களை மாற்றிப் போடலாம். ஸ்டெர்ன் செய்ததை நகலெடுக்க முயன்றவர்கள் கெட்ட வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். குவிவர்ஸ், நாரிஸ், 1984-லிருந்து தயாரிப்பாளராக இருக்கும் கேரி டெல்'அபாட்டே ஆகியோருடன் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த உறவை எடுத்துக்கொள்ள முடியவில்லை. நேயர் தினமும் போய் உட்கார்ந்தது அந்தக் குடும்பத்துக்குள். யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்கு எதைச் சொன்னால் கோபம் வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். புதிதாகத் திருப்புகிறவருக்கு முதல் வாரம் ஒன்றும் புரியாது. மூன்றாவது வாரம் விட முடியாது.

1985 செப்டம்பர் 30 அன்று டபிள்யூஎன்பிசி அவரை நீக்கியது. கேட்பு அளவு நன்றாக இருந்தபோதே நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் அதே ஊரில் கே-ராக் என்று அழைக்கப்பட்ட 92.3 எஃப்எம்மில் மாலை நேரம், 1986 பிப்ரவரியிலிருந்து காலை நேரம். அந்த நிலையம் இன்ஃபினிட்டி நிறுவனத்துடையது, அதை நடத்தியவர் மெல் கார்மசின். நிலையம் முழுநாளும் ராக் போட்டது. காலை நேரத்தில் மட்டும் பாட்டு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பெயருக்குக்கூட இல்லாமல் போனது. ஒரு ராக் நிலையத்தில் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட பகுதி, ராக் இல்லாத பகுதி.

ஊர்விட்டு ஊர்

காலை வானொலி என்றாலே உள்ளூர்ச் சரக்கு என்று எல்லாரும் நம்பிய காலம். எந்தச் சாலையில் நெரிசல், இன்று மழை உண்டா, எந்தப் பள்ளிக்கு விடுமுறை, இதைச் சொல்ல உள்ளூர்க்காரர் வேண்டும். இன்னொரு ஊரில் இருப்பவர் எப்படிச் சொல்வார்? 1986 ஆகஸ்டில் கார்மசின் ஸ்டெர்னின் நிகழ்ச்சியை அப்படியே பிலடெல்பியாவின் ஒரு ராக் நிலையத்திலும் நேரடியாக ஒலிபரப்பினார்.

அங்கே காலை நேரத்தின் ராஜா ஜான் டிபெல்லா. போட்டி ராக் நிலையத்தில் கலகலப்புக் கூட்ட வடிவத்தில் ஊரையே பிடித்து வைத்திருந்தவர். அந்த ஊரிலேயே இருந்து பேசுகிறவர், உள்ளூர் விழாக்களுக்குப் போகிறவர். ஸ்டெர்னுக்கு அவரைத் தாண்ட ஏறக்குறைய நான்கு ஆண்டு ஆனது. 1990-ல் தாண்டியதும் பிலடெல்பியாவுக்கே வந்து, டிபெல்லாவுக்குப் பொய் இறுதிச் சடங்கு நடத்தினார். இதன் கொடூரத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஆய்வுக்கு முக்கியமானது அந்த நான்கு ஆண்டு. ஒரே இரவில் அதிர்ச்சி கொடுத்துக் கூட்டம் பிடித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைக்கு அது ஒத்துவரவில்லை. அதிர்ச்சி என்றால் முதல் மாதத்திலேயே வேலை செய்திருக்க வேண்டும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது போலத்தான் பிலடெல்பியா நகர்ந்தது, அவர்கள் குடும்பக் கதைக்குள் ஊர் மெல்ல மெல்ல இழுக்கப்பட்டது.

1988-ல் நிகழ்ச்சி வாஷிங்டனுக்குத் திரும்பியது. 1991-ல் லாஸ் ஏஞ்சலிஸ். அங்கே கடிகாரம் மூன்று மணி நேரம் பின்னால் என்பதால் பதிவு செய்து, அந்த ஊர்க் காலைக்கு ஒலிபரப்பினார்கள். நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் என்ற இரண்டு பெருநகரங்களிலும் ஒரே காலத்தில் காலை முதலிடம் என்ற நிலையை அடைந்தார். 1994 ஜூனில் கிளீவ்லாந்தில் முதலிடம் பிடித்ததைக் கொண்டாடத் தெருவிலிருந்து நேரடி ஒலிபரப்பு நடந்தபோது, போட்டி ராக் நிலையத்தின் பொறியாளர் ஒருவர் ஒலிபரப்புக் கம்பியை வெட்டிவிட்டார். அதற்காகச் சிறைக்கும் போனார். ஒரு காலை நிகழ்ச்சிக்காகக் கம்பியை வெட்டுகிற அளவுக்குப் போட்டி இருந்த காலம் அது.

அதே 1994-ல் லிபர்டேரியன் கட்சி சார்பில் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தார், சொத்து விவரம் வெளியிட விரும்பாமல் விலகினார். அவருடைய வாக்குறுதிகளில் ஒன்று, சாலைப் பணிகளை இரவில் மட்டும் செய்ய வேண்டும் என்பது. தேர்தலில் வென்ற ஜார்ஜ் பட்டாக்கி 1995-ல் அந்த நோக்கத்தில் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஹார்ட்ஃபர்டில் பெட்ரோல் வரிசை, நியூயார்க்கில் சாலைத் தோண்டல். காரில் உட்கார்ந்திருக்கிற அந்த ஆளை அவர் கடைசிவரை விடவில்லை.

அபராதம் யாருக்கு?

ஆபாசமும் நிகழ்ச்சியின் பெரும்பகுதிதான். பெண்களை நடத்திய விதம், உடல் ஊனமுற்றவர்களையும் சிறுபான்மையினரையும் பேசிய விதம், இவற்றில் பல இன்று கேட்க முடியாதவை. அன்றைக்கும் கேட்கக் கூடாதவைதான். 1995-ல் பாடகி செலீனா சுட்டுக்கொல்லப்பட்ட சில நாட்களில் அவருடைய பாட்டின்மீது துப்பாக்கிச் சத்தம் சேர்த்து ஒலிபரப்பினார். டெக்சாஸ் மாநிலத்தில் அவர்மீது பிடியாணை பிறப்பிக்கப்பட்டது. மன்னிப்பும் கேட்டார். துக்கத்தில் இருந்தவர்களுக்கு அது போதுமானதாக இல்லை.

அமெரிக்காவில் வான்வழி ஒலிபரப்புக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. எஃப்சிசி என்ற தகவல் தொடர்பு ஆணையம், காலை 6 மணி முதல் இரவு 10 மணிவரை அநாகரிகமான பேச்சை ஒலிபரப்பினால் அபராதம் விதிக்கலாம். நகைச்சுவையாளர் ஜார்ஜ் கார்லினின் உரையை ஒலிபரப்பிய பசிஃபிகா வானொலி நிறுவனத்தின் வழக்கில், 1978-ல் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டது. காலை நிகழ்ச்சி முழுக்க அந்தத் தடை நேரத்துக்குள்தான் விழுகிறது. 1987-ல் எச்சரிக்கை. 1992 டிசம்பரில் இன்ஃபினிட்டிக்கு 6 லட்சம் டாலர் அபராதம். மேலும் மேலும் சேர்ந்து, 1995-ல் சுமார் 17 லட்சம் டாலர் கட்டி நிறுவனம் கணக்கை முடித்துக்கொண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, அபராதம் பேசியவருக்கு வருவதில்லை. உரிமம் வைத்திருக்கும் நிலையத்துக்கு வருகிறது. அதாவது நேயர் பேசுகிறவர் பக்கம் சேருகிறார், தண்டனை நிலையத்தின் பக்கம் சேருகிறது. கார்மசின் இதை வியாபாரச் செலவாக ஏற்றுக்கொண்டார். எல்லா முதலாளிகளும் அப்படி ஏற்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1996-ல் தொலைத்தொடர்புச் சட்டம் மாறி, ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை நிலையங்கள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றானது. கிளியர் சேனல் போன்ற நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் வாங்கின. ஸ்டெர்னை ஒலிபரப்பிய சில நிலையங்கள் அப்படி அவர்கள் கைக்குப் போயின.

2004 பிப்ரவரி 1 அன்று சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில், தொலைக்காட்சி நேரலையில் பாடகி ஜேனட் ஜாக்சனின் மார்பு ஒரு கணம் தெரிந்தது நாட்டையே உலுக்கியது. வானொலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அரசியல்வாதிகள் ஒலிபரப்பு முழுவதையும் ஒரே கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த மாதக் கடைசியில் கிளியர் சேனல் தன் ஆறு நிலையங்களில் ஸ்டெர்னை நிறுத்தியது. ஏப்ரலில் எஃப்சிசி 4,95,000 டாலர் அபராதம் அறிவித்ததும் ஒரேயடியாக விலக்கியது. டெட்ராய்ட்டில் பாட்டுப் பட்டியல் இன்னொருவர் கையில் இருந்ததுபோல, இப்போது அலைவரிசையே இன்னொருவர் கையில் இருந்தது.

அக்டோபர் 6 அன்று சிரியஸுக்குப் போவதாக அறிவித்தார். ஐந்து ஆண்டு, மொத்தம் 50 கோடி டாலர் என்ற ஒப்பந்தம், அதற்குள்தான் குழுவின் சம்பளமும் தயாரிப்புச் செலவும். சந்தா கட்டிக் கேட்கும் சேவைக்கு எஃப்சிசியின் அநாகரிக விதி பொருந்தாது. இன்ஃபினிட்டியின் தாய் நிறுவனமான வயாகாமை விட்டு விலகியிருந்த கார்மசினும் நவம்பரில் சிரியஸின் தலைவராக வந்து சேர்ந்தார்.

ஆனால் பழைய ஒப்பந்தத்துக்கு இன்னும் 14 மாதம் மிச்சம் இருந்தது. அந்த 14 மாதமும் எஃப்எம்மில் உட்கார்ந்துகொண்டு, தான் போகப்போகிற இடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 2005 நவம்பரில் நிர்வாகம் அவரை ஒருநாள் நிறுத்தி வைத்தது. போன பிறகு, 2006 பிப்ரவரியில், தன் ஒலிபரப்பு நேரத்தைப் போட்டியாளருக்கு விளம்பரமாகப் பயன்படுத்தினார் என்று, அப்போது அந்த நிலையத்தை வைத்திருந்த சிபிஎஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. மே மாதம் சமரசமானது. சிரியஸ் 20 லட்சம் டாலர் கொடுத்தது. பதிலுக்கு 1985 முதல் 2005 வரையிலான நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவுகள் மீதான உரிமை சிரியஸுக்கு வந்தது. வழக்குப் போட்டவர் 20 ஆண்டுக் காலைகளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அந்தப் பேச்சு அவர் இல்லாத நிலையத்துக்கு எதற்கும் பயன்படாது என்று அவர்களே முடிவு செய்தார்கள் என்றுதான் இதைப் படிக்க முடிகிறது.

கணக்குப் பார்த்தால்

சரி, நேயர் யார் பக்கம் போனார்? ஸ்டெர்ன் ரசிகர்கள் "எல்லாரும் அவர் பின்னால் போனார்கள்" என்பார்கள். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. எஃப்எம்மில் கடைசிக் காலத்தில் அவருக்கு வாரம் சுமார் 1.2 கோடி நேயர்கள் என்று கணிக்கப்பட்டது. அறிவிப்பு வந்தபோது சில லட்சம் சந்தாதாரர்கள் மட்டுமே இருந்த சிரியஸ், 2005 முடிவில் 33 லட்சமும் 2006 முடிவில் 60 லட்சமும் எட்டியது. அதிலும் எல்லாரும் அவருக்காக வந்தவர்கள் இல்லை. அமெரிக்கக் கால்பந்து லீகின் ஒலிபரப்பு அங்கே இருந்தது, புதிய கார்களிலேயே பெட்டி பொருத்தி வந்தது. ஆகவே பழைய நேயர்களில் பெரும்பகுதியினர் கூடவே போகவில்லை என்பது நிச்சயம்.

அவர்கள் 92.3-லும் தங்கவில்லை. நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். நிலையம் கே-ராக் என்ற பெயரையே எடுத்துவிட்டுப் பேச்சு நிலையமாக மாறியது, ராத்தை உட்கார வைத்தது, அவரை எடுத்துவிட்டு வேறு இருவரை வைத்தது, 2007 மேயில் மீண்டும் கே-ராக் ஆகி ராக் போட்டது, 2009-ல் அதையும் விட்டுப் புதுப்பாட்டு நிலையமானது. நிலையத்துக்கு நேயர் சொந்தமாக இருந்திருந்தால், இத்தனை முறை சட்டை மாற்ற வேண்டிய தேவை என்ன? பணம் கட்ட முடியாதவர்களும் விரும்பாதவர்களும் சிதறிப்போனார்கள். அந்தக் கூட்டம் ஒரு குரலுக்கும் ஒரு இலவச அலைவரிசைக்கும் நடுவில், இரண்டும் சேர்ந்திருந்த வரைக்கும் இருந்தது. இரண்டில் ஒன்றை எடுத்ததும், குரலிடம் ஒரு பங்கு போனது, அலைவரிசையிடம் ஏறக்குறைய எதுவும் நிற்கவில்லை.

கேட்பு அளவு ஏறுவதும் காயப்படுத்துவதும் ஒன்றல்ல என்று முன்னால் சொன்னதற்கு வருகிறேன். கெட்ட வார்த்தைதான் அவருடைய சரக்கு என்றால், தடையே இல்லாத செயற்கைக்கோளில் அது பெருகியிருக்க வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் பெருகவும் செய்தது. ஆனால் ஆண்டுகள் போகப்போக நிகழ்ச்சி அமைதியானது. ஒரு விருந்தினரோடு ஒரு மணி, ஒன்றரை மணி என்று இடையூறு இல்லாமல் பேசும் நேர்காணல்தான் அதன் மையமானது. 2019-ல் தன் நேர்காணல்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டபோது, பழைய பதிவுகள் பலவற்றைக் கேட்கவே தனக்குக் கூச்சமாக இருந்ததாகவும், நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸைத் தான் நடத்திய விதத்துக்கு மன்னிப்புக் கேட்க நினைத்ததாகவும், அதற்குள் அவர் இறந்துவிட்டதாகவும் எழுதினார். உளப்பகுப்பாய்வுக்குத் தொடர்ந்து போனது தன்னை மாற்றியதாகவும் சொல்லியிருக்கிறார். ஆபாசம் குறைந்தும் நிகழ்ச்சி நின்றது. பேச்சுக்குத் தாராளமாக நேரம் கொடுப்பதும் குழுவின் மைய ஆட்களும் மட்டும் மாறவில்லை. 2012-ல் குவிவர்ஸுக்குப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு அவர் வீட்டிலிருந்தே கலந்துகொண்டார். அவர் நாற்காலியை யாருக்கும் கொடுக்கவில்லை. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த செய்தி இது.

ராக்கும் திரும்பி வந்தது. பாட்டுத்தட்டாக வராமல் பாடியவர்களாக வந்தார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வந்தார். 2018-ல் பான் ஜோவி குழுவை ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் சேர்க்கும் உரையை கிளீவ்லாந்தில் ஆற்றியவர் ஸ்டெர்ன், கம்பி வெட்டப்பட்ட அதே ஊரில்.

2022 அக்டோபர் கடைசி வாரத்தில் 92.3 எஃப்எம் பாட்டையே முழுக்க நிறுத்தியது. அதே ஊரின் ஏஎம் செய்தி நிலையம் ஒன்றின் ஒலிபரப்பை அப்படியே எடுத்துப் போடத் தொடங்கியது. இப்போது அங்கே நாள் முழுக்கச் செய்திதான், சாலை நெரிசலும் வானிலையும் உண்டு. அந்த மாதம் 31-ஆம் தேதி ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் முதல்முறையாக ஸ்டெர்னின் ஒலிப்பதிவு அறைக்கு வந்தார். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்து, தன் தந்தையைப் பற்றியும் மன அழுத்தத்தைப் பற்றியும் பேசினார். நடுநடுவே பியானோவிலும் கிதாரிலும் பாடிக் காட்டினார்.